லீட்ஹோம் பின்னால் வந்த வழி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1958 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் பழைய படத்துணுக்கை அண்மையில் பார்த்தேன். பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்த சுவீடன் அணித்தலைவர் நில்ஸ் லீட்ஹோம்தான் பிற்காலத்தில் ரோமா கழகத்துக்கு இத்தாலிய லீக் பட்டம் வென்று தந்த பயிற்சியாளர் என்று அறிந்து வியந்தேன். இத்தாலியின் மிலான் கழகத்தில் அவருடன் ஆடிய சுவீடன் வீரர் குன்னர் நோர்டால் அவரைவிட இரு மடங்குக்கும் மேல் கோல் அடித்தவர். ஆனால் பயிற்சியாளராகப் பெரும்பெயர் பெற்றவர் லீட்ஹோம். இது ஏன்?

ச.

அன்புள்ள ச.,

அந்த நான்காம் நிமிடக் கோலை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். பெனால்டி எல்லையருகே பந்தைப் பெறுகிறார். எதிரே வந்த இருவரையும் அடுத்தடுத்த தொடல்களில் விலக்கிவிட்டு, கோல்காப்பாளர் ஜில்மாருக்கு எட்டாத மூலைக்குத் தரையோடு அனுப்புகிறார். துளியும் பதற்றமில்லை. வெளிநாட்டில் ஊதியத்துக்கு ஆடியவர்களை சுவீடன் நெடுங்காலம் தேசிய அணியில் சேர்க்காததால், 35 வயதில்தான் அவருக்கு முதல் உலகக் கோப்பை வாய்த்தது. இறுதியாட்டத்தில் கோலடித்த மிக மூத்தவர் என்ற அவரது இடம், 2022இல் மெஸ்ஸி அடித்தபோதும் சில மாத வித்தியாசத்தில் தப்பியது. ஆட்டத்தை பிரேசில் 5-2 என வென்றது.

உங்கள் கேள்விக்கான விடை கோல் கணக்கில் இல்லை, நின்ற இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தீயணைப்பு வீரராக இருந்து வந்த நோர்டால், மிலானுக்காக லீகில் 210 கோல்கள் அடித்து, ஐந்து முறை இத்தாலியின் முதல் கோலடிப்பவராக வந்தவர். அவரைக் கோல்முனையிலிருந்து நகர்த்த யாருக்கும் தேவை எழவில்லை. லீட்ஹோமோ 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இடது முன்களத்தில் ஆடித் தங்கம் வென்று, 1949இல் மிலான் சென்று, பிறகு நடுக்களத்துக்கு இறங்கி, 1961இல் ஓய்வுபெறும் முன் தடுப்பு வரிசைக்கே வந்துவிட்டார். முன்னால் ஆடுபவர் பெரும்பாலும் கோலுக்கு முதுகு காட்டிப் பந்துக்குக் காத்திருப்பார். பின்வரிசையில் நிற்பவருக்குக் களத்தில் ஓடும் அத்தனை பேரும் கண்ணெதிரே இருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தின் தடத்தை 1982-83 ரோமாவில் தெளிவாகக் காணலாம். ஒவ்வொரு தடுப்பாட்டக்காரரும் தனக்கென ஓர் எதிராளியை நிழல்போலத் தொடர்வதே இத்தாலிய வழக்கமாக இருந்த காலத்தில், லீட்ஹோம் தம் வீரர்களை ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கப் பழக்கினார். கிடைத்த பந்தை விட்டுக்கொடுக்காமல் தமக்குள் சுற்றவிடச் சொன்னார். அணித்தலைவர் அகோஸ்தினோ டி பார்த்தொலொமெய் நடுக்கள வீரர். கால் வேகம் குறைவு, ஆனால் நாற்பது மீட்டர் தள்ளி ஓடுபவரின் காலடியில் பந்தை வைக்கக் கூடியவர். அவரைத் தடுப்பு வரிசையின் நடுவுக்கு இறக்கி, ஓட்டத்தில் யாரையும் பிடித்துவிடும் தடுப்பாட்டக்காரர் வியர்கோவோடை அருகில் நிறுத்தினார் லீட்ஹோம். தம் கால்கள் நடந்த வழியை இன்னொருவருக்குத் திறந்துவிட்டார் என்றே இதை நான் பார்க்கிறேன். 1942க்குப் பின், 41 ஆண்டுகள் கழித்து, ரோமா பட்டம் வென்றது.

மறு ஆண்டு, கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் ரோமாவின் சொந்த மைதானத்திலேயே நடந்தது. லிவர்பூலுடன் 1-1 எனச் சமநிலை, பெனால்டியில் தோல்வி. ரோமாவின் முதல் பெனால்டியை டி பார்த்தொலொமெய் பிசகாமல் அடித்தார்; கோந்தியும் கிராத்சியானியும் அடித்தவை கம்பத்துக்கு மேலே பறந்தன. அந்தத் தோல்வி எனக்கு இன்றும் வலிக்கிறது.

அந்தக் கோடையிலேயே லீட்ஹோம் மிலானுக்குத் திரும்பினார். டி பார்த்தொலொமெயும் அங்கு வந்து சேர்ந்தார். 1978இல் இதே மிலானில் பின்னாளில் பெரும் தடுப்பாட்டக்காரரான ஃபிராங்கோ பரேசியை 17 வயதில் முதன்முதலாகக் களமிறக்கியவரும், மறு ஆண்டு அதற்குப் பத்தாவது பட்டம் வென்று தந்தவரும் லீட்ஹோம்தான். 1985 ஜனவரி 20 அன்று உதினேசேயின் மைதானத்தில், இடைவேளைக்குப் பின் 16 வயதுப் பையன் ஒருவனை அவர் உள்ளே அனுப்பினார். பின்னாளில் உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான அந்தப் பையனின் பெயர் பாவ்லோ மால்தினி.