ரோஜா குச்சி நடுவது: கேள்வி பதில்

லாஸ்பேட்டை: அக்கா, பன்னீர் ரோஜா குச்சியை எப்படி வெட்டணும்?

பூத்து முடிஞ்ச கிளையில எடுங்க. பென்சில் கனம், ஆறிலிருந்து எட்டு அங்குலம், நாலு கணு. முள்ளைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்க. டப்புனு கழன்று வந்தா பதம். தோலை உரிச்சுக்கிட்டு வந்தா இளசு. அடியில் கணுவை ஒட்டிச் சாய்வா வெட்டுங்க, மேலே கணுவுக்குக் கால் அங்குலம் விட்டு நேரா வெட்டுங்க. எது அடி, எது தலைன்னு குழம்பாது. உச்சியில் ரெண்டு இலை போதும்.

ஆற்று மணல், கழுவின கோகோபீட் (தென்னை நார்த் தூள்) பாதிக்குப் பாதி. உரமோ சாணமோ வேண்டாம், அழுகும். அடியில் வேர்விடும் பொடியைத் தொட்டு, தட்டி உதறிட்டு, பென்சிலால் குழி போட்டு நடுங்க. குச்சியாலேயே குத்தினா பொடி மேலேயே வழிஞ்சிடும். ரெண்டு கணு உள்ளே இருக்கணும். ரெண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, நிழல்ல வைங்க. வெயில் பட்டா உள்ளே வெந்திடும்.

வில்லியனூர்: பத்து நாள்ல துளிர் வந்துச்சு, பாட்டிலை எடுத்தேன். கருகிடுச்சு.

துளிர் வந்தா வேர் வந்ததா அர்த்தமில்லை. குச்சிக்குள்ள இருந்த சத்துலதான் அது வருது. வேர் பிடிக்க அஞ்சாறு வாரம் ஆகும். தெரியும் பிளாஸ்டிக் கப்புல, அடியில் ஓட்டை போட்டு நட்டா, ஓரத்துல வெள்ளை வேர் தெரியும். தயவுசெய்து பிடுங்கிப் பார்க்காதீங்க. அந்த வேர் நூல் மாதிரி, தொட்டாலே முறியும்.

தேவனாம்பட்டினம்: அடிக்குச்சி கருப்பாகுது.

அழுகல். கலவையைப் பிழிஞ்சா ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. கடலோர போர் தண்ணி உப்பா இருந்தா மழைத் தண்ணி பிடிச்சு ஊத்துங்க. கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், மூணு தண்ணி மாத்தி ஊறவைங்க. கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

நெல்லிக்குப்பம்: ஆடியில நட்டா எல்லாம் பிழைக்கும்னு பாட்டி சொல்வாங்க.
பாகூர்: ஆமா, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?

விதைன்னுதான் சொன்னாங்க, குச்சின்னு சொல்லலை. விதை முளைச்சதும் வேரை இறக்கித் தண்ணி தேடிக்கும். குச்சிக்கு வேரே இல்லை. ஆடி வெயில்ல இலை இழக்கிற ஈரத்தை அடியால ஈடுகட்ட முடியாது.

பாகூர்: அப்போ ஐப்பசி மழையில?

நம்ம புதுச்சேரி, கடலூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை தொட்டியை ஊறப்போட்டுடும். மார்கழிப் பாதியிலிருந்து மாசி வரைதான் நல்ல காலம்.

நெல்லிக்குப்பம்: பாட்டி நட்டது பிழைச்சுதே!

பன்னீர் ரோஜாவா இருக்கும். அது லேசில் வேர்விடும் ஜாதி, கிணத்தடி நிழலும் உதவியிருக்கும். பாட்டி கைராசியை நான் குறை சொல்லலை. ஒட்டு ரோஜாவை ஆடியில வச்சு ஏமாறாதீங்கன்னுதான் சொல்றேன்.

அரியாங்குப்பம்: உருளைக்கிழங்குல குத்தி வைக்கலாமா?

வேண்டாம். கிழங்கு அழுகி குச்சியையும் கெடுக்கும்.

முதலியார்பேட்டை: பொக்கே ரோஸ் காம்பு?

குளிர்ல பல நாள் கிடந்த காம்பு, பெரும்பாலும் வேர்விடாது.

திருப்பாதிரிப்புலியூர்: துளிர் வந்திருச்சு, பிடுங்கிப் பார்க்கவா?

வில்லியனூருக்கு எழுதினதைப் படிங்க. பிடுங்காதீங்க.

உழவர்கரை: பெரிய செடி இலையெல்லாம் கரும்புள்ளி.

அது நோய். இலையோட குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க.

லாஸ்பேட்டை: வேர் வந்த பிறகு?

பாட்டிலை முதல் நாள் ஒரு மணி நேரம் திறங்க, ஒரு வாரத்துல மெல்லக் கூட்டிக்கிட்டே போங்க. மண் உதிராம எட்டு அங்குலத் தொட்டிக்கு மாத்துங்க. முதல் மொட்டைக் கிள்ளிடுங்க, மனசு வராது. ஆனா செடி முதல்ல வேரைப் பெருக்கட்டும்.