கல் மாதிரிக் காற்று

கேள்வி: பெல்ஜியத்து ஆல்பெசின் அணி குளிர்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடுகிறது. அதே அணி ஏப்ரலில் ரோடு ரேஸில் ஜெயிக்கிறது. ஒரே அணி எதற்காக இரண்டு பந்தயத்துக்கும் அலைய வேண்டும்? ரோட்டில் என்ன கஷ்டம், டயரில் காற்று கல் மாதிரி இருந்தால் வண்டி தானாகப் பறக்குமே? (வாசகர், மேடவாக்கம்)

பதில்: அணியைப் பற்றிப் பிறகு வருகிறேன். ‘கல் மாதிரி’ என்று எழுதிவிட்டீர்கள், அதை விட்டுவிட்டு மேலே போக முடியாது. கட்டைவிரல் கட்சிக்காரர்களோடு இந்தப் பக்கத்தில் நடக்கும் சண்டை பழையது, இன்னும் தீராதது.

கட்டைவிரலால் டயரை அமுக்கி “காத்து கரெக்டா இருக்கு” என்கிறோம். அந்த விரல் உணர்வது காற்றழுத்தத்தை அல்ல, டயரின் துணி எவ்வளவு விறைத்து நிற்கிறது என்பதை. விறைப்பு என்பது அழுத்தமும் டயரின் பருமனும் சேர்ந்த கணக்கு. டயர் மாறினால் கணக்கு மாறும். அதோடு, காற்றழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்கில் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் 70-உம் 90-உம் விரலுக்கு ஒரே கல்தான். விடியற்காலையில் ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பக்கம் போகும் கூட்டத்தைப் பாருங்கள். 25 மி.மீ. டயர்காரர் 80 அடித்தார் என்று 40 மி.மீ. ஹைபிரிட் டயர்காரரும் 80 அடித்திருப்பார். அந்த டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவையே அது தாண்டியிருக்கக்கூடும். தன் வண்டி ஏன் துள்ளுகிறது, கைகள் ஏன் மரத்துப்போகின்றன என்று கேட்டுக்கொண்டே மாமல்லபுரம் வரை போவார்.

கல் மாதிரி இருந்தால் வேகம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். வழவழப்பான இரும்பு உருளைமேல் டயரை ஓடவிட்டு அளந்தால், காற்று ஏற ஏற இழப்பு குறையும். அந்த அளவு பொய்யில்லை. ஆனால் உருளையில் மேடுபள்ளம் கிடையாது, அதன்மேல் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் உடம்பும் கிடையாது. நிஜ ரோட்டில் ஜல்லி முனை ஒவ்வொன்றையும் மெத்தென்ற டயர் உள்வாங்கிக் கடக்கும். கல் டயர் அப்படி வாங்காது, சைக்கிளையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கும். தூக்கிய சக்தி திரும்பி வராது. தோளிலும் தொடையிலும் அதிர்ந்து வீணாகும். அதனால் ஒரு புள்ளி வரைக்கும்தான் காற்று ஏற்றுவது லாபம். அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யும் நம் காலிலிருந்து போகிறது. ரோடு மோசமாக ஆக, அந்தப் புள்ளி கீழே இறங்கும். மழை முடிந்த மார்கழியில் நம் சர்வீஸ் ரோடுகள் எப்படி இருக்கும் என்று மேடவாக்கத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் குறிப்பிட்ட சேற்றுப் பந்தயத்துக்கு சைக்கிள்-கிராஸ் என்று பெயர். அது இந்தப் புள்ளியைத் தேடும் கலையேதான். சர்வதேச விதிப்படி டயர் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அந்த ஒல்லி டயரில்தான் புல், மணல், சேறு, சரிவு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அகலத்தைக் கூட்ட முடியாதபோது கையில் மிஞ்சுவது காற்று ஒன்றுதான். காய்ந்த கெட்டித் தரைக்கு 25 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வைப்பார்கள். ஆழமான சேறு என்றால் 18, 20. அந்த அளவில் ஒரு பி.எஸ்.ஐ. கூடுவதும் குறைவதும் நூற்றுக்கு ஐந்து வித்தியாசம் என்பதால், பெரிய பம்பின் முள்ளை நம்பாமல் குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள டிஜிட்டல் மீட்டரை வைத்திருப்பார்கள். பந்தயத்துக்கு முன் வீரர் சுற்றுப்பாதையை ஓட்டிப் பார்ப்பார். வளைவில் டயர் வழுக்கினால் வால்வைத் தொட்டு ஒரு சின்ன மூச்சு வெளியே விடுவார். மரவேரில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் அளவு மீறிவிட்டது, கொஞ்சம் ஏற்ற வேண்டும். எப்போதாவது லேசாக ஒரு தட்டு கேட்கிறது, ஆனால் வழுக்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தி அளந்து குறித்துக்கொள்வார்கள். மழை தூறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு குறைந்த காற்றில் சாதாரண டியூப் தாங்காது. ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கொத்தியது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதனால் பெரிய அணிகள் சேற்றுக்கு டியூபுலர் டயரைத்தான் வெகுகாலம் நம்பின. டியூபை உள்ளே வைத்துத் தைத்து, முழு டயரையும் ரிம்மில் பசையால் ஒட்டுவது அது. காற்று முழுதும் போனாலும், சைக்கிள் மாற்றும் இடமான பிட் வரை உருட்டிக்கொண்டு போகலாம்.

ஒட்டும் வேலையில்தான் மெக்கானிக்கின் பொறுமை தெரியும். புது டயரை முதலில் பசையில்லாமல் ரிம்மில் மாட்டி, காற்றடித்து ஒரு நாள் நீட்டி வைக்க வேண்டும். ரிம்மை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து மெல்லிய பூச்சு, ஒரு நாள் காய்ச்சல். மறுபடி பூச்சு, மறுபடி காய்ச்சல். டயரின் அடித்துணிக்கும் அப்படியே. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது வால்வை முதலில் இறக்கி, இரண்டு கையாலும் இருபக்கமும் சமமாக இழுத்துக்கொண்டே வந்து எதிர்முனையில் முடிக்க வேண்டும். பிறகு டயரை நடுவாக்கிக் காற்றடித்து இன்னொரு முழு நாள் விட வேண்டும். சைக்கிள்-கிராஸுக்கு நடுவில் பருத்தி நாடா ஒன்றும் சேர்ப்பார்கள், ஏனென்றால் குறைந்த காற்றில் வளையும்போது பக்கவாட்டு இழுப்பு அதிகம். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒட்டிய டயர் முதல் சரிவிலேயே ரிம்மை விட்டு உருண்டு வெளியே வரும். ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர்கள் பயன்படுத்துவது கட்டைவிரலை. டயரின் ஓரத்தைத் தள்ளிப் பார்த்து, இடைவெளி திறக்கிறதா என்று சுற்றிவர நோக்குவார்கள். கட்டைவிரலின் சரியான உத்தியோகம் அது.

நம் ஊர் பஞ்சர் கடைக்காரருக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் பிசுபிசுக்காத வரை காத்திருந்து, பிறகு பேட்சை வைத்துத் தட்டுகிறாரே, அது இதே பொறுமைதான். ஈரத்தில் ஒட்டிய பேட்ச் வெயில் ஏறியதும் பெயர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சைக்கிளைத் தமிழில் எப்படிச் சொல்வது, மிதிவண்டியா ஈருருளியா என்று படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், அவர் சக்கரத்துக்குக் ‘கோட்டம் எடுத்துக்’கொண்டிருந்தார். நடுவுநிலை தவறிய மனதின் வளைவுக்குப் பழந்தமிழ் வைத்திருந்த சொல் அது. ஸ்போக்ஸை அரைத் திருகு முறுக்கி, ரிம் பிரேக் கட்டையில் உரசாமல் ஓடச் செய்யும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் குழுவும் தர முடியாது. அகராதி போடுகிறவர்கள் அந்தக் கடைகளில் ஒரு வாரம் உட்கார வேண்டும் என்று நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

சரி, அணி. பெல்ஜியத்தின் ரூட்ஹூஃப்ட் சகோதரர்கள், ஃபிலிப்பும் கிறிஸ்டோஃபும், சேற்றில் தொடங்கிய அணி இது. முதல் நட்சத்திரம் நீல்ஸ் ஆல்பர்ட், 2009-லும் 2012-லும் உலக சைக்கிள்-கிராஸ் சாம்பியன். இதயக் கோளாறால் 2014-இல் ஓய்வு பெற்றார். பிறகு மத்தியூ வான் டெர் பூல். 2020 முதல் ஜெர்மன் ஷாம்பூ ஒன்றின் பெயரைத் தாங்கிய அணி, 2023-இல் உலகின் முதல் வரிசைக்கு ஏறியது. ‘அலைகிறது’ என்கிறீர்கள். அலைச்சலே இல்லை, நாட்காட்டி அப்படி அமைந்திருக்கிறது. சைக்கிள்-கிராஸ் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். ரோட்டின் பெரிய ஒருநாள் பந்தயங்கள் மார்ச், ஏப்ரலில். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓட்டுவதும், ஒவ்வொரு வளைவிலும் பிடிமானத்தை உணர்ந்து பழகுவதும் ஏப்ரலில் கைகொடுக்கின்றன.

எப்படி என்றால், பாரிஸ்-ரூபே. சுமார் 260 கிலோமீட்டரில் 55 கிலோமீட்டர் கருங்கல் பாவிய பழைய பாதை. 2021-இல் அது அக்டோபர் மழையில் நடந்தபோது சேற்றில் மூன்றாவதாக வந்தவர் வான் டெர் பூல். 2023, 2024, 2025 மூன்று வருடமும் தொடர்ந்து ஜெயித்தார். 2023-இல் கடைசிக் கடினமான கல்பாதையில் அவரும் வவுட் வான் ஆர்ட்டும் முன்னால் இருந்தார்கள். வான் ஆர்ட்டும் மூன்று முறை சேற்று உலக சாம்பியன்தான். அவருடைய பின் டயர் பஞ்சரானது, பந்தயம் அங்கேயே முடிந்தது. இரண்டாவதாக வந்தவர் வான் டெர் பூலின் அணித்தோழர் ஜாஸ்பர் ஃபிலிப்சன். காற்றைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். 2025-இல் வான் டெர் பூல் ஏழாவது சைக்கிள்-கிராஸ் உலகப் பட்டத்தையும் வென்று, பழைய பெல்ஜிய வீரர் எரிக் டி விளாமிங்கின் சாதனையைச் சமன்செய்தார்.

அந்தச் சேற்றுப் பந்தயத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு சுற்று ஏழெட்டு நிமிடம். சேறு மோசமானால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை வீரர் சைக்கிளை மாற்றுவார், அழுக்கு சைக்கிளைப் பிட்டில் பிரஷர் பம்பால் அடித்துக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, மூன்று நான்கு நிமிடத்தில் தயாராக நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு பைக் வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளை நிறுத்துகிறவர்களுக்கு மீதிக் கதை தெரியாது. அந்தத் தண்ணீர் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளும். அணியின் மெக்கானிக் அதைத் தெரிந்தே செய்கிறார், பிறகு பேரிங்கைப் பிரித்துத் துடைத்து கிரீஸ் வைக்கிறார், கெட்டதை மாற்றுகிறார். நாம் கழுவிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். இரண்டு மாதத்தில் பால்ஸ் துருப்பிடித்து, கப்பில் குழி விழுந்து, ஓவராயில் பண்ணும் கட்டத்துக்கு வருகிறது. சைக்கிளுக்கு ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, பிரஷ், பழைய துணி போதும்.

இப்போது உங்கள் டயர். 70 கிலோ ஆள் என்றால் 25 மி.மீ. டயருக்குப் பின்னால் 80, முன்னால் 75. 28-க்கு 70, 65. 32-க்கு 55, 50. 40-க்கு 40, 36. ஐந்து கிலோ கூடினால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். மழை ரோட்டில் ஐந்து குறையுங்கள். இது தொடங்கும் இடம்தான். பாம்புக்கடி ஓட்டை விழுந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், கை மரத்தால் இறக்குங்கள். பம்பை மாட்டியவுடன் முள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், டியூபின் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் போய்விடுகிறது. ஒருமுறை அழுத்தியபின் நிற்கும் எண்ணே சரியானது. பெட்ரோல் பங்க்கில் அடிக்க வேண்டாம். ரோடு டியூபின் கொள்ளளவு ஒன்றரை லிட்டர்கூட இல்லை, கார் டயருக்கான இயந்திரம் ஒரு விநாடி பிசகினாலே வெடிக்கும் அளவுக்கு ஏற்றிவிடும். காலையில் 80 வைத்த சைக்கிளை உச்சி வெயிலில் நிறுத்தி, டயர் 20 டிகிரி சூடேறினால் அழுத்தம் தானாக ஆறு பி.எஸ்.ஐ. ஏறும். நிழலில் நிறுத்துங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆனால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். லாரி டயர் கிழிந்து சிதறிய முடி போன்ற எஃகுக் கம்பி டயருக்குள் தைத்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டியூபின் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி என்று அளந்து, டயரில் அதே இடத்தில் உள்பக்கம் பஞ்சுத் துணியை ஓட்டுங்கள். துணி சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். குறட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு டியூபைப் போடுங்கள்.