வால்வில் அச்சிட்ட பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பெரியப்பா மைக்செட் தொழில் செய்தவர். அவர் வைத்திருந்த ஸ்டீரியோ வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் இப்போது என்னிடம் இருக்கிறது. இசிசி83 வகை வால்வு இரண்டு, இஎல்84 வகை நான்கு போட்ட செட். இசிசி83 இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நாகர்கோவிலில் ஒருவர் 'முல்லார்ட்' என்று அச்சிட்ட இரண்டு வால்வுகளை, பயன்படுத்தாத புதுசு என்று சொல்லி, ஒன்று நாலாயிரம் ரூபாய்க்குத் தருகிறார். அவரிடமே பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வால்வும் உண்டு; விலை அதில் கால்வாசிதான். முல்லார்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு ஒன்றில் வரிவரியாகவும் இன்னொன்றில் வழவழப்பாகவும் இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தத் தகடு வித்தியாசத்தைக் கவனித்தீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் முல்லார்ட் கம்பெனியின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த இசிசி83 வால்வில் தகடு வரிவரியாக இருக்கும். வழவழப்பான தகடு ஜெர்மனியின் டெலிஃபங்கன் வால்வுகளுக்குப் பேர்போனது. ஆகவே உங்கள் இரண்டாவது வால்வு பிளாக்பர்னில் பிறந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. இதை உடனே மோசடி என்றும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று வால்வு வாங்கி, தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன. பழைய பெயரை அழித்துவிட்டு விலைபோகும் பெயரை இப்போது அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும், வெறும் பெயருக்காக நாலாயிரம் கொடுக்க முடியாது.

பெயரைவிட நம்பத்தக்கது கண்ணாடியின் அடிப்பக்கத்தில், பின்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் இருக்கும் பொடி எழுத்து. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1960-களின் முல்லார்ட், பிலிப்ஸ் வால்வுகளில் இது இரண்டு வரியாக இருக்கும். மேல் வரி வால்வின் வகையைச் சொல்லும்: இசிசி83 என்றால் 'ஐ6' என்று தொடங்கும், இஎல்84 என்றால் 'ஆர்எக்ஸ்'. கீழ் வரியின் முதல் குறி ஆலை. 'பி' எழுத்து பிளாக்பர்ன். முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹீர்லன். அடுத்து வருடத்தின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரத்துக்கு ஓர் எண். 'பி4சி2' என்று இருந்தால் பிளாக்பர்ன், 4-இல் முடியும் வருடம், மார்ச், இரண்டாவது வாரம். அது 1964-ஆ 1974-ஆ என்பதை வால்வின் அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பார்க்கும்போது பெயர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். பழைய அச்சு விரல் ஈரத்திலேயே போய்விடும்.

'புதுசு' என்பதற்கு டப்பா சாட்சி ஆகாது, எந்த வால்வையும் எந்த டப்பாவிலும் போடலாம். சாக்கெட்டில் ஏறி இறங்கிய வால்வின் பின்களில் நெடுக்காகக் கீறல் இருக்கும். ஆனால் பின் கறுத்திருப்பதை மட்டும் வைத்துப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். நம் மாவட்டத்துக் கடல்காற்றிலும் மழை ஈரத்திலும் டப்பாவுக்குள் கிடந்ததே கறுத்துப்போகும். உச்சியில் இருக்கும் வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி முல்லார்டையும் பெல்லையும் ஒப்பிடும் விஷயம். இசிசி83-க்குள் டிரையோடு எனப்படும் பெருக்கும் பகுதிகள் இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனியாக அளவு கேளுங்கள். தகட்டில் 250 வோல்ட், கிரிட்டில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) மைனஸ் 2 வோல்ட் கொடுத்தால் 1.2 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். டிரான்ஸ்கண்டக்டன்ஸ், அதாவது கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் ஓட்டம் எவ்வளவு மாறும் என்பது, வோல்ட்டுக்கு 1.6 மில்லி ஆம்பியர். எந்த டெஸ்டரில், எத்தனை வோல்ட்டில் அளந்தது என்று சொல்லாமல் 'நூறு சதவீதம்' என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. டெஸ்டரில் நன்றாகத் தெரியும் வால்வும் ஆம்ப்ளிஃபயரில் இரையலாம். அதனால் செட்டில் போட்டுக் கேட்டுப் பார்க்காமல் பணம் தராதீர்கள். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணிபோல ஒலித்தால் ஆம்ப்ளிஃபயரின் முதல் பெருக்கக் கட்டத்துக்கு அது ஆகாது. இடது வலது வால்வுகளை, செட்டை அணைத்து ஆறவிட்டு, மாற்றிப் போடுங்கள். இரைச்சலும் பக்கம் மாறினால் குற்றம் வால்வில்தான்.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வு தயாரிக்கத் தொடங்கியது. நம் வீடுகளில் பாடிய எத்தனையோ ரேடியோக்கள் அந்த வால்வில் ஓடியவை. பெல் என்றாலே மட்டம் என்று பேசுவது எனக்கு ஏற்பில்லை. இரண்டு டிரையோடும் சரியாக அளவு காட்டி, இரைச்சலில்லாத பெல் வால்வு கிடைத்தால் அதையே எடுங்கள். 'அதே சாக்கெட்தானே, இசிசி82 போட்டுக்கோங்க' என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். இசிசி83-இன் பெருக்கம் 100, இசிசி82-இன் பெருக்கம் ஏறத்தாழ 17; ஒலி குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் பழைய ரேடியோவில் யுஎல்84 வால்வு போய்விட்டது. இஎல்84 போட்டால் போதும், முதல் எழுத்துதான் வித்தியாசம் என்கிறார் கடைக்காரர். சரியா?
— வாசகி, குளச்சல்

பதில்: தவறு. அந்த முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வுக்குள் சூடேற்றும் இழையை, குறிக்கிறது. 'இ' என்றால் 6.3 வோல்ட். 'யு' என்றால் எல்லா வால்வுக்கும் தொடராக 100 மில்லி ஆம்பியர் ஓடும் ஏற்பாடு. யுஎல்84 ஹீட்டருக்கு 45 வோல்ட். இஎல்84 ஹீட்டருக்கு 760 மில்லி ஆம்பியர் தேவை, அது அங்கே சூடேறவே ஏறாது. இன்னொன்று, இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: 'யு' வரிசை வால்வு போட்ட ரேடியோக்களில் சேசிஸ் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) நேரடியாக மின்சார லைனோடு சேர்ந்திருக்கலாம். பின்மூடியைக் கழற்றி நீங்களே கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய நான்கு இஎல்84 வால்வுகளில் ஒன்று விரிசலோடு வந்தது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார் விற்பவர்.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பழுதான பொருளையோ சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. பார்சலின் படம், பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. விற்றவர் வியாபாரியாக இல்லாமல், வீட்டில் கிடந்ததை ஒருமுறை விற்ற தனிமனிதர் என்றால் இந்த வழி எளிதில் பலிக்காது. அப்படிப்பட்டவரிடம் நேரில் பார்த்து, செட்டில் போட்டுக் கேட்ட பிறகே வாங்குங்கள்.