குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் ஒரு சுற்று: கேள்வி பதில்

கேள்வி: டெல்லி செல்லும்போது நேராக வாயிலுக்குப் போய் நின்றால் மாளிகையைப் பார்க்க விடுவார்களா?

பதில்: விடமாட்டார்கள். மாளிகையின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, உடன் வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாயிலில் அடையாள அட்டையின் அசலைக் கேட்பார்கள். வெளிநாட்டுத் தலைவரின் வருகையோ அரசு விழாவோ குறுக்கிட்டால் பார்வை ரத்தாகக்கூடும் என்பதால், ஊர் திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 340 அறைகளையும் காட்டுவார்களா? எதை விடாமல் பார்க்க வேண்டும்?

பதில்: குடியரசுத் தலைவர் வசிக்கவும் பணியாற்றவும் செய்கிற இடம் என்பதால், நாம் பார்ப்பது ஒரு சில கூடங்களை மட்டுமே. அவற்றுள் எனக்கு முதன்மையானது, தர்பார் மண்டபம் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-இல் கணதந்திர மண்டபம் எனப் பெயர் மாற்றப்பட்ட வட்டக்கூடம். 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு பிரதமராகப் பதவியேற்றது இங்கேதான். வைஸ்ராயின் சிம்மாசனம் இருந்த இடத்தில் இன்று குடியரசுத் தலைவரின் இருக்கை இருக்கிறது. அதன் பின்னால் குப்தர் காலத்துப் புத்தர் சிலை நிற்கிறது. எல்லோரும் அண்ணாந்து சரவிளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சற்று நேரம் ஒதுக்கிப் புத்தரின் முகத்தைப் பாருங்கள். அடுத்து, முன்பு நடன அரங்காக இருந்த அசோக மண்டபம்: அதன் கூரையில், பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா வேட்டையாடும் காட்சி தோலின் மீது வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது.

கேள்வி: கர்தவ்ய பாதையில் நடந்து நெருங்க நெருங்க மாளிகை மறைந்து, குவிமாடம் மட்டும் தெரிந்ததே, ஏன்?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. மாளிகையை வடிவமைத்த லட்டியன்ஸுக்கும், இருபுறமும் தலைமைச் செயலகக் கட்டடங்களை அமைத்த ஹெர்பர்ட் பேக்கருக்கும் இடையே மூண்ட பூசலின் தழும்பு அது. ரைசினா குன்றின் உச்சியில் செயலகங்களுக்கும் இடம் வேண்டும் என்று பேக்கர் கேட்க, மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஏறுசாலையின் சரிவும் செங்குத்தாக அமைந்துவிட்டதால், கீழிருந்து வருகிறவருக்கு மேட்டின் விளிம்பே மாளிகையை மறைக்கிறது. சரிவைத் திருத்தும்படி லட்டியன்ஸ் பல ஆண்டுகள் மன்றாடியும் பயனில்லை. குறை என்றே அவர் கருதினார்; மேடேறி முடித்ததும் கட்டடம் முழுவதுமாக எதிரே எழுவதைப் பார்த்த எனக்கு, அப்படித் தோன்றவில்லை. முற்றத்துக்கு வந்தபின் தூண்களின் தலைப்பகுதியை உற்றுப் பாருங்கள்: மூலைகளில் கல்லாலான சிறு மணிகள் தொங்கும், அசையாமலும் ஒலிக்காமலும். குவிமாடமோ சாஞ்சி ஸ்தூபியை நினைவூட்டும்.

கேள்வி: உள்ளே படம் எடுக்கலாமா? தோட்டமும் இதில் சேருமா?

பதில்: படம் எடுக்க இயலாது. முகலாயத் தோட்டம் என்றிருந்து 2023 முதல் அம்ரித் உத்யான் எனப்படும் தோட்டத்துக்குத் தனியாகப் பதிய வேண்டும். மலர்க்காட்சிக்கு ஏற்றவை பிப்ரவரி, மார்ச் மாதங்கள்.

கேள்வி: ராஜாஜி இங்கே தங்கியிருந்தாராமே, அவருடைய அறையைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாக வந்த அவர், வைஸ்ராயின் ஆடம்பர அறைகளில் குடியேற மனமின்றி, விருந்தினருக்கான எளிய பகுதியைத் தேர்ந்தெடுத்தார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அவ்வழக்கத்தையே தொடர்ந்தனர். வைஸ்ராயின் அறைகளில் இப்போது தங்குவது, அரசுமுறைப் பயணமாக வரும் வெளிநாட்டுத் தலைவர்கள்.