ஊட்டிக் கூடாரத்தில் முதுகு குளிர்வது பற்றி

ஊட்டிக் கூடாரத்தில் காற்று மெத்தையில் படுத்த குழந்தைகளுக்குக் குளிர்ந்ததால், மூன்றாவது கம்பளி வாங்கலாமா, உள்ளே கரி அடுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது கம்பளி வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஆளுக்கொரு தடித்த நுரைப் பாய் வாங்கி, காற்று மெத்தையின் மேல் விரியுங்கள்.

இரண்டு கம்பளி போர்த்தியும் குழந்தைகளுக்கு முதுகுதான் குளிர்ந்தது என்று எழுதியிருப்பதால், காரணம் பெரும்பாலும் அந்த மெத்தையே. புரளும்போதெல்லாம் அதனுள் நகரும் காற்று உடற்சூட்டைத் தரைக்குக் கடத்திவிடுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் ஜனவரி இரவில், மேலே எத்தனை போர்த்தினாலும் இந்த இழப்பு நிற்காது.

வாங்குமுன் ஒரு சோதனை. விடியற்காலையில் மொட்டை மாடியில் மெத்தையைப் போட்டு, ஒரு பாதியில் மட்டும் கம்பளியை நான்காக மடித்து விரித்து, இரு பக்கமும் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். மடித்த பக்கம் கதகதப்பாக இருந்தால் குறை கீழேதான். வேறுபாடு தெரியாவிட்டால், பகலில் வியர்த்த உடையோடு குழந்தைகள் தூங்கினார்களா என்று யோசியுங்கள். இரவுக்கென உலர்ந்த உடையும் காதுவரை மூடும் குல்லாவும் தனியாக எடுத்துவைப்பது நல்லது.

நீங்கள் கேட்டிருந்த கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்தில் ஆளைக் கொன்றுவிடும். அதற்குப் பதிலாக, எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால், எவர்சில்வர் பாட்டிலை எப்படியும் கொண்டுபோகத்தான் வேண்டும்.