குமரிக் கடலில் திமிங்கிலம் தெரியுமா? குளிர்காலப் பயணிகளின் கேள்விகளும் என் பதில்களும்

குமரி மாவட்டத்தின் முட்டம் என் ஊர். கரையில் நின்று ஓங்கிலையும் (டால்பின்) திமிங்கிலத்தையும் பார்த்து நோட்டில் குறித்து வைப்பது பல வருடப் பழக்கம். மார்கழி, தை விடுமுறைக்குக் கூட்டமாக வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: நாங்கள் 22 பேர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் திமிங்கிலம் பார்க்க வருகிறோம். எங்கே படகு ஏற வேண்டும்?

திமிங்கிலம் காட்டுவதற்கென்று முறையான படகுச் சவாரி நம் மாவட்டத்தில் கிடையாது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு விவேகானந்தர் பாறைக்குப் போய்வரும், அது திமிங்கிலம் காட்ட அல்ல.

காரணம் கடலின் அடித்தரை. இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸா என்ற ஊர் இருக்கிறது. அங்கே கரையை விட்டுச் சில கிலோமீட்டர் போனதுமே தரை கிடுகிடுவென்று ஆழத்தில் இறங்கிவிடும். நீலத் திமிங்கிலம் கரைக்குப் பக்கத்திலேயே இரை எடுக்கும். குமரிக்குத் தெற்கே அப்படி இல்லை. வெட்ஜ் பேங்க் என்ற அகலமான மேடு கடலுக்கடியில் பரந்து கிடக்கிறது. மீன்பிடிக்க அதைப் போல இடம் கிடையாது. ஆனால் பெரிய திமிங்கிலங்கள் இரை தேடும் ஆழம் அதையும் தாண்டித்தான் தொடங்குகிறது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் அங்கே நாள்கணக்கில் தங்குகிறார்கள், பார்க்கிறார்கள். காலையில் போய் மதியம் திரும்புகிற தூரம் இல்லை அது.

திமிங்கிலம்தான் வேண்டும் என்றால் மிரிஸ்ஸாவுக்குப் போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே சீசன். இங்கேதான் வருவோம் என்றால் ஜனவரிக்குத் தள்ளிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும். முட்டம் கலங்கரை விளக்கப் பக்கத்து மேட்டில் காலை ஆறரை மணிக்கே வந்து உட்காருங்கள். கடல் தென்மேற்கே விரிந்து கிடப்பதால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், கண் கூசாது. காற்று எழும்புவதற்கு முன்னால் ஓங்கில் கூட்டத்தின் முதுகுத் துடுப்பு தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. பாறை நுனிக்கு மட்டும் யாரும் இறங்க வேண்டாம். பத்து அலை சும்மா வந்து போகும், பதினொன்றாவது ஆளை இழுக்கும்.

திருநெல்வேலி ஆசிரியை: தூரத்தில் நீர் பீய்ச்சுவதை வைத்து எந்தத் திமிங்கிலம் என்று சொல்ல முடியுமா?

முடியும், டீச்சர். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, ஒல்லியாக, ஒன்பது மீட்டர் வரைகூட எழும்பும். தென்னை உயரம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை தலையின் முன்பக்கம் இடதுபுறமாக இருக்கிறது. அதனால் அதன் மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து, குட்டையாக, புதர் போலத் தெரியும். முழுகும்போது வாலை நிமிர்த்திக் காட்டும். பிரைட் திமிங்கிலம் பெரும்பாலும் வாலைக் காட்டாது. அதற்குத் தலைமேல் மூன்று வரம்பு இருக்கும், கிட்டே வந்தால்தான் தெரியும். இன்னொன்று, பீய்ச்சுவது கடல்நீர் இல்லை. நுரையீரல் காற்றின் ஈரமும் துளைமேல் கிடந்த கொஞ்சம் நீரும்தான் அப்படித் தெறிக்கிறது.

திருச்சியிலிருந்து: திமிங்கிலம் நிச்சயம் தெரியுமா? தலைக்கு எவ்வளவு ஆகும்?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: கூன்முதுகுத் திமிங்கிலம் குளிர்காலத்தில் துருவப் பகுதியிலிருந்து நம் பக்கம் வருமா?

அருமையான கேள்வி. உலகின் மற்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்குமாக வலசை போகின்றன. அரபிக்கடலில் இருக்கும் கூட்டம் மட்டும் போவதில்லை, ஆண்டு முழுக்க இங்கேயேதான். ஓமான் பக்கம் நூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. 2017 இறுதியில் ஓமானில் ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். பெயர் லுபான். அரபியில் அது குந்திரிக்கம். அதன் வால் அடையாளம் குந்திரிக்க மரம் போல இருந்ததாம். நம் கோயில்களில் பூசைக்குப் புகை போடுகிறோமே, அது போன்ற வாசனைப் பிசின்! அது அரபிக்கடலைக் குறுக்கே நீந்தி, கோவா பக்கம் வந்து, தெற்கே இறங்கி மன்னார் வளைகுடா வரை போய்விட்டு ஓமானுக்கே திரும்பியது. நம் முனையைச் சுற்றாமல் மன்னார் வளைகுடாவுக்குப் போக முடியாது. அந்தக் குளிர்காலத்தில் நான் தினமும் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அது எங்கோ அப்பால் கடந்து போயிருக்கிறது. நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சென்னையிலிருந்து: அம்பர்கிரிஸ் கரையில் கிடைக்குமா, விற்கலாமா?

கூடாது. அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருள். அந்தத் திமிங்கிலம் வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கையில் வைத்திருந்தாலே வழக்கு. கிடைத்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

கடியப்பட்டினம் படகு உரிமையாளர்: நாலு பேரை ஃபைபர் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனால் எங்களுக்கும் நாலு காசு கிடைக்கும். நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?

தம்பி, உன் பிழைப்பைக் கெடுக்க நினைக்கவில்லை. அந்த வள்ளம் மீன்பிடிக்கப் பதிவானது, ஆள் ஏற்ற இல்லை. நீந்தத் தெரியாத நாலு பேர் ஓங்கிலைப் பார்த்ததும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மாதமும் டிசம்பர். ஒக்கிப் புயல் எப்படி வந்தது? 2017 நவம்பர் 29 இரவு. முந்தின நாள் கடலைப் பார்த்து யார் சந்தேகப்பட்டோம்?

அவரே மறுபடியும்: ஒக்கியைச் சொல்லியே எத்தனை வருடம் பயமுறுத்துவீர்கள்? கோவாவில் ஓங்கில் காட்டிப் பிழைக்கிறார்களே?

தூத்தூர் பகுதிச் சகோதரி: எங்கள் வீட்டில் ஒக்கியில் போன சித்தப்பாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பயமுறுத்தல் என்று சொல்லாதீர்கள், அண்ணா.

படகு உரிமையாளர்: மன்னித்துவிடு தங்கச்சி. எங்கள் தெருவிலும் இழப்பு உண்டு. நான் கேட்பது வேலை மட்டும்.

தம்பி கேட்பது நியாயம். கோவாவில் ஆள் ஏற்றுவதற்கென்றே படகு இருக்கிறது. அதைப் போல இங்கேயும் உரிமமும் உயிர்க்கவசமும் உள்ள படகை மீனவர் சங்கமே நடத்த அரசிடம் கேட்போம், மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அதுவரை, வருகிறவர்கள் ஆயிரம் ரூபாயை நீட்டி மீனவரை வற்புறுத்தாதீர்கள். இல்லாத வீட்டில் அந்த ஆயிரத்தை மறுப்பது கடினம். அதுதான் என் கவலை.

கோவையிலிருந்து: படகில் போக ஏற்பாடு செய்து தர முடியுமா?

முடியாது. மேலே இருப்பதைத் தயவுசெய்து படியுங்கள். இதே கேள்வி இன்னும் ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் இதுதான் பதில்.

விருதுநகரிலிருந்து: கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைப் பார்த்தால் கடலுக்குள் தள்ளிவிடலாமா?

நீங்களாகத் தள்ள வேண்டாம். 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலைக் கரையில் சுமார் எண்பது பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. நான் போயிருந்தேன். ஒன்றின் விலாவில் கை வைத்தேன். நனைந்த டயர் டியூப் போல வழுவழுவென்று இருந்தது, உள்ளே சூடு. துளை திறந்து மூடும்போது சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல ஒரு சத்தம். ஊர்க்காரர்கள் கயிறு கட்டி வள்ளத்தால் ஆழத்துக்கு இழுத்து விட்டார்கள். அவற்றில் பல திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டமாக வாழும் உயிர், துணையை விட்டுப் போக மனமில்லை. அதே கரையில் 1973 ஜனவரியிலும் நூற்றுக்கு மேல் ஒதுங்கியிருக்கின்றன. நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஈரத்துணி போர்த்துங்கள், மூச்சுத்துளைக்குள் நீரோ மணலோ போகாமல் பாருங்கள். வாலை மட்டும் இழுக்காதீர்கள்.

பெயர் தராதவர்: திமிங்கிலச் சுறா திமிங்கிலம்தானே?

இல்லை, மீன். செவுளால் மூச்சுவிடும், வாலை இடவலமாக அசைக்கும். திமிங்கிலம் வாலை மேலும் கீழுமாக அசைக்கும்.

நெல்லையிலிருந்து: கன்னியாகுமரியில் அறை கிடைக்குமா?

ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தை வரை இருக்கும். நாகர்கோவிலில் தங்குங்கள். முட்டம் அங்கிருந்தும் பக்கம்தான். பாறை நுனி பற்றிச் சொன்னதை மறக்க வேண்டாம்.

ஆறாம் வகுப்பு மாணவி, குளச்சல்: ஓங்கில் ஏன் அப்பாவின் வள்ளத்துக்கு முன்னால் ஓடுகிறது?

வள்ளம் ஓடும்போது முன்முனை நீரைத் தள்ளும் இல்லையா? அந்தத் தள்ளலில் ஓங்கில் ஏறிக்கொள்கிறது. வால் அடிக்காமலே வேகம் கிடைக்கும். விளையாட்டும்தான். அடுத்த முறை அப்பா வந்ததும் எத்தனை பார்த்தார், குட்டி இருந்ததா, எந்தப் பக்கம் போயின என்று கேட்டு எழுதி வை, மகளே. தேதியையும் போடு. உன் நோட்டை எனக்குக் காட்டு, என் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.