பாஸ்டன் வீட்டு மூலப்பத்திரம்

(தேவகோட்டையில் 38 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர், நிலம், உயில், குடும்ப வரிசை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: ஐயா, என் பேத்தி சென்னையில் சரித்திரம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், இங்கிலாந்தில் பாஸ்டன் என்ற குடும்பத்தார் 500 வருடத்துக்கு முன் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படித்துச் சொன்னாள். நிலத்தகராறு, கல்யாணப் பேச்சு, கோர்ட்டுச் செலவு என்று அப்படியே நம் வளவுச் சமாசாரம்! அவர்கள் பரம்பரைப் பெரிய வீட்டுக்காரர்களா, நடுவில் வந்தவர்களா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நடுவில் வந்தவர்கள்தான், ஆச்சி. அவர்களிடமே கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இது அமெரிக்கப் பாஸ்டன் இல்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன ஊர். நாம் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போடுகிறோம். அவர்கள் ஊரையே முழுசாகப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள்.

நமக்குத் தெளிவாகத் தெரிகிற முதல் ஆள் கிளெமென்ட் பாஸ்டன். 1419-ல் இறந்தார். பின்னாளில் குடும்பத்தின் எதிராளிகள் அவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார்கள், அது தப்பிப் பிழைத்திருக்கிறது. பனியிலும் வெயிலிலும் தன் ஏரின் பின்னால் தானே போவாராம். சேணமில்லாத குதிரையில் தானிய மூட்டை மேலேயே உட்கார்ந்து ஆலைக்குப் போவார், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து திரும்புவார். மிஞ்சிப்போனால் 120 ஏக்கர். அதிலும் பெரும்பங்கு ஜிமிங்ஹாம் பண்ணைக்குக் கட்டுப்பட்ட நிலம். கூடவே அற்பமான தண்ணீர் ஆலை ஒன்று. பெண்சாதியும் பண்ணையடிமை வழி என்று ஒரு குத்து. திட்டுவதற்காக எழுதியதுதான், ஆனால் படிக்கப் படிக்க எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதைதான் வந்தது. அதே குறிப்பில் இன்னொரு வரி: கடன் வாங்கிப் பையனைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அந்தக் குடும்பத்துக்கு மூலப்பத்திரம் என்று ஒன்று உண்டென்றால் இந்த வரிதான்.

பையன் வில்லியம், வக்கீலாக இருந்த தாய்மாமன் தயவில் சட்டம் படித்து, 1429-ல் நீதிபதி ஆனார். கையில் காசு புரண்டதும் மேனர் மேனராக வாங்கினார். மேனர் என்றால் வீடு மட்டுமல்ல; வயல், ஆலை, குடிகள் தரும் வாரம், உள்ளூர் வழக்கு விசாரிக்கும் உரிமை எல்லாம் சேர்ந்தது. சின்ன அளவு ஜமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் காசு மட்டும் இருந்தால் ஆளை மதிக்க மாட்டார்கள். நிலம் வேண்டும்.

ஆனால் கிரயம் வேறு, சுவாதீனம் வேறு. வில்லியம் 1444-ல் கண்ணை மூடினார். அவர் வாங்கிய கிரெஷம் மேனரை 1448-ல் மொலைன்ஸ் பிரபு தனக்குப் பாத்தியம் உண்டென்று சொல்லிப் பிடித்துக்கொண்டார். வில்லியமின் மகன் ஜான் வழக்கு, வியாஜ்ஜியம் என்று லண்டனில் அலைய, ஊரில் நின்று மல்லுக்கட்டியவர் அவர் மனைவி மார்கரெட். அவர் புருஷனுக்கு எழுதிய கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீடு தாழ்வாக இருக்கிறது, உள்ளே நின்று நீள வில்லை வளைக்க முடியாது, அதனால் குறுக்குவில் வாங்கி அனுப்புங்கள் என்கிறார். அதே கடிதத்தில், ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளுக்கு உடுப்புத் துணி! வெளியூர் போன செட்டியாருக்கு வீட்டு ஆச்சி போடும் சாமான் சிட்டையில் ஆயுதமும் சேர்ந்திருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

1450 ஜனவரியில் மொலைன்ஸின் ஆட்கள் ஆயிரம் பேர் வந்து, மார்கரெட் இருந்த அறையின் சுவரைக் குடைந்து, அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தூண்களை அறுத்தார்கள், பெட்டகங்களை உடைத்தார்கள். ஆயிரம் என்பது ஜான் மனுவில் எழுதிய கணக்கு. நானும் மனு எழுதினவன்தான். மனுவில் ஆள் எண்ணிக்கை கொஞ்சம் வீங்கும்.

அப்புறம் வந்ததுதான் பெரிய சொத்து. பிரெஞ்சுப் போரில் சம்பாதித்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், கைஸ்டர் என்ற ஊரில் செங்கல் கோட்டை கட்டினவர். பிள்ளை இல்லை. நம் பக்கமாக இருந்தால் பங்காளி வீட்டில் ஒரு பையனைப் பிள்ளை கூட்டியிருப்பார்கள், கதை அதோடு முடிந்திருக்கும். இங்கிலாந்தில் சுவீகாரத்துக்குச் சட்டமே 1926-ல்தான் வந்தது. கிழவர் 1459 நவம்பர் 5-ம் தேதி இறந்தார். சாவதற்கு இரண்டு நாள் முன்னால், நார்ஃபோக், சஃபோக் நிலங்களையெல்லாம் தன் வக்கீலும் மார்கரெட் வழியில் உறவுமான ஜான் பாஸ்டனுக்கு எழுதச் சொன்னார் என்றார் ஜான். சாகக் கிடப்பவர் பக்கத்தில் வக்கீல், கடைசி நேரத்து உயில், அதில் வக்கீலுக்கே சொத்து. என்னிடம் வந்திருந்தால், பேனாவை மூடிவைத்துவிட்டு இரண்டு டாக்டரைக் கூட்டிவாருங்கள் என்றிருப்பேன். வழக்கு வராமல் இருக்குமா? உயிலை நிறைவேற்ற வேண்டிய மற்ற நிர்வாகிகள் எதிர்த்தார்கள். 1469-ல் நார்ஃபோக் டியூக் 3,000 பேரோடு கோட்டையை வளைத்துப் பிடித்தே விட்டார். 1476-ல் அவர் திடீரென்று இறந்த பிறகுதான் கோட்டை பாஸ்டன் கைக்குத் திரும்பியது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொத்து இப்படிப் பெருகின பிறகுதான், ‘இவன் பண்ணையடிமை வம்சம், மேனர் வைத்துக்கொள்ள இவன் யார்?’ என்ற பேச்சைக் கிளப்பினார்கள். சிறைவாசம் கண்ட ஜான் 1466 மே மாதம் லண்டனில் இறந்தார். இரண்டே மாதத்தில் பிள்ளைகள் பழைய பத்திரங்களையும் மேனர் கோர்ட்டுச் சுருள்களையும் கொண்டுபோய் அரசர் நான்காம் எட்வர்டுக்கும் அவருடைய சபைக்கும் காட்டினார்கள். நார்மன் வெற்றி நடந்த 1066 முதலே நாங்கள் கண்ணியமான குலம், எங்களுக்கே அடிமைகள் இருந்தார்கள் என்று சாதித்தார்கள். அரசரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். கிளெமென்ட் உட்கார்ந்த மாவு மூட்டைக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை.

நான் பார்த்த வரையில் எல்லா ஊரிலும் இதுதான் முறை. நிலம் முதலில் வரும். வம்சாவளி பின்னால் வந்து அதற்கு வேலி கட்டும். ஒரு பெரிய வீட்டார் பாகப்பிரிவினை எழுத வந்தபோது வழவழ தாளில் அச்சடித்த வம்ச வரிசை கொண்டுவந்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கி நேற்றுப் பிறந்த குழந்தை வரைக்கும் இருந்தது. சரி, உங்கள் ஐயா இந்த மனையை வாங்கின பத்திரம் எங்கே என்றேன். அது மட்டும் இல்லை.

ஒரு வித்தியாசத்தையும் பேத்தியிடம் சொல்லுங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைக்கப் போன நம் செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. நெல் விலை விழுந்து, அடமானம் முழுகி, நிலம் தானாக வந்து தலையில் ஏறியது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-க்குள் 25 சதவீதம் ஆனது. பணமாக வேண்டியிருந்தது வயலாகக் கிடந்தது. 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டமே போட்டுவிட்டார்கள். கணக்குப்பிள்ளையாக இருந்த என் அப்பா, ஒரு செட்டியார் வீட்டுப் பெட்டகத்திலிருந்த பர்மாப் பத்திரங்களை வருஷா வருஷம் வெயிலில் காயவைத்து, திரும்ப அடுக்கி வைப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

கேள்வி: அந்தக் குடும்பத்தில் பெண்களுக்குப் பங்கு இருந்ததா?
– ஒரு வாசகி, புதுவயல்

பதில்: அண்ணன் தம்பி இருந்தால் இல்லை. நிலம் மூத்த மகனுக்கு. ஆண்வாரிசே இல்லாவிட்டால்தான் பெண்ணுக்கு. மார்கரெட் அப்படி ஒற்றைப் பெண்ணாக மாட்பி குடும்பத்துச் சொத்தோடு வந்தவர், அதனால்தான் அவரைத் தேடிப் பிடித்து மருமகளாக்கினார்கள். விதவைக்கு ஆயுள் உள்ளவரை அனுபவம் உண்டு. வில்லியமின் மனைவி ஆக்னஸ் புருஷன் போன பிறகு 35 வருஷம், 1479 வரை இருந்தார். அத்தனை வருஷமும் அவர் பங்கு மகனுக்கோ பேரனுக்கோ வரவில்லை. மாமியார் ஆயுள் கெட்டி என்று அந்த வீட்டிலும் முணுமுணுத்திருப்பார்கள்.

மார்கரெட்டின் மகள் மார்ஜரி, வீட்டுக் காரியஸ்தர் ரிச்சர்ட் கால் என்பவருக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டாள். 1469-ல் பிஷப்பே கூப்பிட்டு விசாரித்தார், பெண் சொன்ன சொல்லை மாற்றவில்லை. கல்யாணம் செல்லுபடி. அம்மா வாசலைச் சாத்திவிட்டார். ஆனால் காரியஸ்தரைப் பிற்பாடு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கணக்கு அவருக்குத்தானே தெரியும்! மார்கரெட் தன் உயிலில் மார்ஜரியின் மகனுக்கு, தன் பேரனுக்கு, 20 பவுண்டு எழுதினார். கணக்குப்பிள்ளை மகன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

நம் கதை உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு என்று சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க. சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு என்று கேட்கும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். சீர் சீர்தான், பங்கு பங்குதான்.

கேள்வி: எங்கள் குடும்ப வரிசையை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், ராயவரம்

பதில்: மேலே இருந்து தொடங்காதீர்கள், உங்களிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். வீட்டில் இருக்கிற மூத்த ஆயாவிடம் முதலில் உட்காருங்கள், பத்திரம் காத்திருக்கும். விலாசத்தில் (பெயருக்கு முன்னால் போடும் முதலெழுத்து வரிசையில்) உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் யார் பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதிலேயே இரண்டு மூன்று தலைமுறை கிடைத்துவிடும். பிறகு கல்யாணத்து இசைபிடிமானங்கள் (கல்யாண ஒப்பந்த எழுத்துகள்), கோவில் புள்ளிக் கணக்கு (கோவிலில் குடும்பங்களைப் பதியும் கணக்கு). பிள்ளை கூட்டி வந்தவர் இருந்தால் இரண்டு வீட்டு வரியையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் பின்னால் ஒருவன் கோர்ட்டில் கிளறுவான். வில்லங்கம் கணினியில் கிடைக்காத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள்.

ஏர் ஓட்டினவர், உப்பு விற்றவர் யாராவது வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா அப்புறம்.